ஒரு சகலையை வைத்து உலகத்தை நிரூபிப்பவர்

ஏலக்காயைவிட மலிவாகவும் பன்னீர் திராட்சையைவிடத் தாராளமாகவும் நம் தேனிப் பக்கத்தில் விளைகிற ஓர் இனத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். இதற்கு உரம் வேண்டாம், சொட்டு நீர்க் குழாய் வேண்டாம். ஒரு வீட்டில் யாராவது ஒருவர் படுக்கையில் விழுந்தால் போதும். மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்கும். கையில் ரொட்டிப் பாக்கெட், முகத்தில் கவலை, வாய்க்குள் ஒரு முடிவு. ஆம், முடிவு. மற்ற ஆராய்ச்சியாளர்களுக்குக் கடைசியில் கிடைப்பது இவருக்கு முதலிலேயே கிடைத்துவிடும்.

இவர்தான் ஒற்றைச் சாட்சி ஆராய்ச்சியாளர்.

உங்களுக்கு இவரைத் தெரியும். டவுன் பஸ்ஸில் நீங்கள் ஒரு முறை இருமினால் முன் இருக்கையிலிருந்து திரும்புவார். மருந்துக் கடையில் நீங்கள் சீட்டை நீட்டும்போது தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார். “இந்த மாத்திரையா? இதைத் தின்னுட்டுத்தான் எங்க ஊர்ல ஒருத்தரு…” என்று அங்கேயே நிறுத்துவார். அந்த ஒருத்தருக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்காதவரை அவர் இடத்தை விட்டு அசைய மாட்டார். நீங்கள் கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறோம்.

நான் நூற்பாலையில் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கோன்களிலிருந்து நூலை இழுத்துப் பார்ப்பது, எடை போடுவது, எத்தனை இடத்தில் அறுந்தது என்று எழுதுவது. ஒரே ஒரு கோனைச் சோதித்துவிட்டு லாரி முழுக்க நல்ல நூல் என்று நான் கையெழுத்துப் போட்டால் மறுநாள் எனக்கு வேலை இருக்காது. ஒரே ஒரு சகலையைச் சோதித்துவிட்டு மனித குலம் முழுவதற்கும் கையெழுத்துப் போடுகிறவருக்கு மட்டும் வேலை போவதே இல்லை.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் என் தாய்மாமன் சீனிச்சாமி. காமயகவுண்டன்பட்டிக்காரர். சித்திரைக் கடைசியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சு இருந்தது, நடை இருந்தது, கோபம் முன்னைவிட நன்றாக இருந்தது. கை மட்டும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே மாமா வந்துவிட்டார்.

“ஏத்தா உமா, ஒண்ணும் கவலைப்படாத. எஞ்சகலை கோட்டைச்சாமி இருக்காகள்ல, கம்பத்துல? அவுகளுக்கு வாயி இங்கன இருந்தது அங்கன போயிருச்சு. குமுளியில ஒரு வைத்தியரு எண்ணெய் குடுத்தாரு. இருபதே நாளு. இப்ப விசில் அடிக்கிறாக.”

“அப்பாவுக்குக் கைதானே மாமா?”

“வாய்க்கே கேக்குது, கைக்குக் கேக்காதா?”

கவனித்தீர்களா? சகலை எப்போதும் வேறு ஊரில்தான் இருப்பார். நேரில் பார்த்துவிடக் கூடிய தூரத்தில் ஒருநாளும் இருக்க மாட்டார். குணமானது எப்போதும் “எம்பது பர்சென்ட்” ஆக இருக்கும். எதை எதால் வகுத்து எண்பது வந்தது என்று கேட்டால் மரியாதை தெரியாத பிள்ளை என்பார். அதே எண்ணெயைத் தேய்த்தும் எழுந்திருக்காதவர்கள் உண்டா என்றால், உண்டு. ஆனால் அவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். அவர்கள் பத்தியம் இருக்கவில்லை. குணமானவர் எல்லாம் எண்ணெயால் குணமானவர், குணமாகாதவர் எல்லாம் கருவாடு தின்றவர். இப்படி ஓர் ஆராய்ச்சி எப்படித் தோற்கும்?

இந்த நேரத்தில்தான் ஜெபஷீலா வந்தாள். போடிக்காரப் பெண், செயல்வழி மருத்துவம் கடைசி வருடம் படிக்கிறாள். மருந்து கொடுப்பவள் அல்ல. சட்டைப் பித்தான் போடுவது, சோறு பிசைவது, தலை வாருவது என்று நாம் வேலையென்றே நினைக்காத வேலைகளை, அவற்றை இழந்தவர்களுக்குத் திரும்பக் கற்றுக்கொடுப்பவள். ஆராய்ச்சிக் கட்டுரைக்கு ஓர் ஆள் வேண்டுமாம். அப்பாவைக் கேட்டாள்.

“இந்தக் கையால உங்களுக்கு என்ன செய்யணும் அய்யா?”

அப்பா யோசிக்கவே இல்லை. “திங்கணும்.”

ஆவணியில் வடுகபட்டியில் என் அத்தை மகளுக்குக் கல்யாணம். அப்பா தாய்மாமன். தாய்மாமன் இல்லாமல் முகூர்த்தம் நடக்கலாம், ஆனால் அந்தக் குடும்பத்தில் யாரும் அதற்குப் பிறகு நிம்மதியாக இருக்க முடியாது. அப்பாவோ போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். “முதல் பந்தியில உக்காந்து, மக ஊட்டிவிட்டுத் தின்னான் தாய்மாமன்னு பேர் வாங்கவா? ஸ்பூன்ல தின்னாலும் அதே கேவலந்தான். என் கையால பிசைஞ்சு திங்க முடிஞ்சா வர்றேன். இல்லாட்டி மொய்யி மட்டும் வரும்.”

ஆக, விஷயம் இதுதான். ஒரு கை, ஓர் இலை, ஒன்பது வாரம்.

ஜெபஷீலா ஒப்புதல் படிவத்தை எடுத்து வரி வரியாகப் படித்துக் காட்டினாள். அப்பா பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “எங்கன கையெழுத்து?” என்றார். அவள் இடத்தைக் காட்டினாள். “கை வரலன்னுதானம்மா வந்திருக்க?” என்றார். இடது கைப் பெருவிரலை உருட்டினோம்.

“எப்ப வேணாலும் ‘வேண்டாம், நிறுத்து’ன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு அய்யா.”

“இப்பவே சொல்லலாமா?”

“சொல்லலாம்.”

“சும்மா கேட்டேன். நடத்து.”

முதல் இரண்டு வாரம் அவள் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. அளந்தாள். மத்தியானம் சரியாக ஒரு மணி, அதே தட்டு, அதே நாற்காலி, இருநூறு கிராம் சாம்பார் சாதம். அப்பா வலது கையால் முயல்வார். முடிந்ததும் தரையிலும் மேஜையிலும் சட்டையிலும் விழுந்ததையெல்லாம் வழித்து எடுத்துச் சமையலறைத் தராசில் வைப்பாள். அறுபத்திரண்டு கிராம். அடுத்த நாள் அறுபத்தைந்து. அறுபது. அறுபத்து நான்கு.

“ஏ பஞ்சு, சிந்துனதை எடை போடுறா,” என்று அப்பா அம்மாவிடம் முறையிட்டார். “ரேஷன் கடைக்காரன்கூட இம்புட்டுக் கறார் இல்ல.”

மாமா பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார். “ஏம்மா, வைத்தியம் பாக்காம ரெண்டு வாரமா எடை போட்டுக்கிட்டே இருக்கியே, மச்சான் என்ன கோழியா?”

“சும்மா விட்டாலே கை தானா எவ்வளவு தேறுதுன்னு முதல்ல தெரியணும் அங்கிள். அப்பத்தானே நான் செஞ்சதால தேறுச்சா, இல்ல தானாத் தேறுச்சான்னு சொல்ல முடியும்?”

“தேறுனாச் சரிதானே? எதால தேறுனா என்ன?”

இவர் இனத்தின் தத்துவம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. ஆனால் தேறியபிறகு இதே கேள்வியை நாம் திருப்பிக் கேட்டால் அவருக்குப் பிடிக்காது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாமா குமுளியிலிருந்து வாங்கி வந்த எண்ணெயை ஜெபஷீலா தொடக்கத்திலேயே நிறுத்தச் சொல்வாள் என்று நினைத்தேன். கெட்டிக்காரி, சொல்லவில்லை. “தேய்ங்க அங்கிள். ஆனா முதல் நாள்ல இருந்து தினம் ஒரே மாதிரி தேய்க்கணும். நடுவுல புதுசா எதையும் சேர்க்கக் கூடாது. ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாறணும்,” என்றாள். மாமா மகிழ்ந்துபோனார். வென்றுவிட்டதாக நினைத்தார். அளவெடுத்த பதினான்கு நாளும் எண்ணெய் தேய்க்கப்பட்டது, பதினான்கு நாளும் எடை அறுபதுக்குக் கீழே இறங்கவில்லை. நோட்டைக் காட்டினேன்.

“எண்ணெய் உள்ள இறங்கவே பதினாலு நாளு ஆகும்த்தா.”

இதை எப்போது கண்டுபிடித்தீர்கள் மாமா என்று நான் கேட்கவில்லை. இப்போதுதான் என்பது தெரிந்துதானே இருந்தது.

பதினைந்தாம் நாள் பயிற்சி தொடங்கியது. முதலில் புளியங்கொட்டை பொறுக்குவது. பிறகு சில்வர் டப்பா மூடியைத் திறப்பது. சப்பாத்தி மாவு பிசைவது. அதற்கும் பிறகு, கையோடு ஒட்டி நிற்கிற தயிர் சாதம். கடைசிப் படி ரசம். வாழ்நாள் முழுக்க யோசிக்காமல் சாப்பிட்ட மனிதர், ஒரு கவளம் என்பது எத்தனை விரல்களின் ஒத்துழைப்பு என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டார். எடை ஐம்பத்து நான்காயிற்று. பிறகு நாற்பத்தேழு. அப்பா சாப்பிடுவதை வீடியோ எடுத்து, தேதியை மறைத்து, கூடப் படிக்கும் ஒரு பையனிடம் மதிப்பெண் போடக் கொடுத்தாள். முதல் வாரமா நான்காம் வாரமா என்று தெரிந்தால் அவன் கண்ணே முன்னேற்றத்தைக் கற்பனை செய்துவிடுமாம்.

“தேதி தெரியாம எப்படிம்மா பாப்பான்? நல்ல நாளு, கெட்ட நாளு தெரிய வேணாமா?” என்றார் மாமா.

பயிற்சியின் மூன்றாம் வாரம், புதன்கிழமை, அந்தச் சம்பவம் நடந்தது.

நான் இரவு ஷிப்டு முடிந்து வீட்டில் இருந்தேன். ஒரு மணிக்கு அப்பா சாப்பிட்டு முடித்து நிமிர்ந்தார். ஜெபஷீலா கரண்டியோடு குனிந்தாள். அப்போது மாமா ஒரு கட்டைப்பையோடு உள்ளே வந்தார். பை மூச்சுவிட்டது.

“என்ன மாமா அது?”

“புறா. எஞ்சகலைக்கு எண்ணெய் பாதிதான். மீதி இந்த ரத்தம். அன்னைக்குச் சொல்ல மறந்துட்டேன்.”

“அங்கிள், புதுசா எதையும்…” என்று ஜெபஷீலா எழுந்தாள். புறாவும் எழுந்தது. பையிலிருந்து பறந்து மின்விசிறியில் உட்கார்ந்து, அம்மா துடைப்பத்தை ஓங்கியதும் காலண்டருக்குத் தாவி, அங்கிருந்து நேரே மேஜையில் இறங்கி, சிந்திக் கிடந்த சாம்பார் சாதத்தை ரொம்ப நாள் பட்டினி கிடந்ததுபோலக் கொத்தத் தொடங்கியது.

“அக்கா! டேட்டாவைத் திங்குது அக்கா!” என்று என்னைப் பார்த்துக் கத்தினாள் ஜெபஷீலா.

“ச்சூ! போ அங்கிட்டு!” என்று அப்பா கையை வீசினார். வலது கையை. தோளுக்கு மேலே.

புறா ஜன்னல் வழியாகப் போயிற்று. அப்பா தன் கையையே அடுத்த வீட்டுக்காரர் கைபோலப் பார்த்தார். மாமா மட்டும் கண்கலங்கி நின்றார்.

“பாத்தீகளா மச்சான்! ரத்தம் தடவக்கூட இல்ல. புறா வந்ததுக்கே கை தூக்கிருச்சு!”

ஜெபஷீலா நோட்டை எடுத்தாள். மிச்சமிருந்ததை எடை போட்டுப் பயனில்லை. புறா எவ்வளவு தின்றது என்று யாருக்குத் தெரியும்? “போன தடவை நாப்பத்தேழு. நாப்பத்தஞ்சுன்னு போட்டுக்கம்மா,” என்றேன். ஆலையில் இதைச் செய்தால் எனக்கு என்ன நடக்கும் என்பதை மேலே சொன்னேன். ஆனாலும் சொன்னேன். அது என் அப்பாவின் கை.

அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்: “புதன், அளவீடு இல்லை. காரணம்: புறா.”

அந்த வாரம் முடிவதற்குள் உரிமை கோருவோர் பட்டியல் நீண்டது. மாமாவுக்கு எண்ணெய், புறா என்று இரண்டு பங்கு. எதிர்வீட்டு ராக்கம்மாள் அத்தை, வீரபாண்டியில் தீச்சட்டி எடுப்பதாகத் தான் வேண்டிக்கொண்ட மறுநாள்தான் கை தூக்கியது என்றார். அம்மா சத்தமில்லாமல் அப்பாவுக்குக் காபியை நிறுத்தியிருந்தார், அதனால்தான் என்றார். ஒரே கை, நான்கு காரணம். எண்ணெய் நாற்பத்தைந்தாம் நாள் தீர்ந்துபோனது. எடை அதைக் கண்டுகொள்ளாமல் முப்பத்து மூன்று, இருபத்தொன்பது என்று இறங்கிக்கொண்டே போனது.

வடுகபட்டிக்குப் போனோம். முதல் பந்தி. மணமகளுக்குத் தாய்மாமன் என்று நடு வரிசையில் உட்கார வைத்தார்கள். நான் பக்கத்தில். ஸ்பூன் ஒன்றை முந்தானைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அப்பாவுக்குத் தெரியாது என்று நினைத்தேன். “அதை உள்ள வையி,” என்றார்.

சாம்பார் முடிந்தது. ரசம் வந்தது. வாழை இலையில் ரசம் ஊற்றினால் நல்ல கைக்காரருக்கே ஓடும். அப்பா சோற்றை அணை போலக் கட்டினார், நடுவில் குழித்தார், ஊற்றச் சொன்னார், பிசைந்தார். உருட்டினார். வாய்க்குப் போயிற்று. கொஞ்சம் வேட்டிக்கும் போயிற்று. எதிர் வரிசையில் பக்கவாதம் வராத நாற்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒப்பிடுவதற்கு ஒரு கூட்டம் வேண்டும் என்று ஜெபஷீலா சொல்வாளே, அதுபோல ஒவ்வோர் இலையாகப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லோரையும்விட அதிகம் சிந்தியிருந்தவர் சீனிச்சாமி மாமா.

கைகழுவும் இடத்தில் ஒருவரை இழுத்துக்கொண்டு வந்தார். “உமா, இவுகதான் எஞ்சகலை!”

வரலாற்றுப் புகழ்பெற்ற கோட்டைச்சாமி. நான் கும்பிட்டேன். “அய்யா, உங்களுக்கு வாதம் வந்து எத்தனை வருசம் ஆச்சு?”

“வாதமா? எனக்கா?” என்று பதறிவிட்டார். “கடைவாய்ப் பல்லுல சீழ் வச்சு வாயி கோணிக்கிச்சுத்தா. பல்லைப் புடுங்கினேன், சரியாப் போச்சு.”

நான் மாமாவைப் பார்த்தேன். ஓர் அறிவியல் கோட்பாடு முழுவதும் ஒரு கடைவாய்ப் பல்லில் நின்றிருக்கிறது. மனிதர் அசரவில்லை.

“பல்லைப் புடுங்குன எடத்துக்கு எண்ணெய்தானே தேய்ச்சீக சகல?”

“அது கிராம்புத் தைலம்.”

“எண்ணெய்தானே!”

அப்பா அன்று சிரித்த சிரிப்பில் விக்கலே வந்துவிட்டது. தண்ணீர் டம்ளரை வலது கையால் பிடித்துக் குடித்தார்.

அதற்குப் பிறகு தினமும் கையாலேயே சாப்பிட்டார். பிசைவதை ஒரு கச்சேரிபோலச் செய்வார். “ஒருநா மத்தியானம் வந்து கூட உக்காந்து சாப்பிடேன்,” என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தை மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை லீவு போட்டு வீட்டில் இருக்கிறேன் என்றேன். அன்று ஆலையில் ஆடிட் வந்துவிட்டது, லீவு போடவில்லை. அப்பா சாப்பிட்டார், கை கழுவினார், நாற்காலியில் உட்கார்ந்தார். இறந்துபோனார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் இம்முறையும் காரணத்தோடுதான் வந்தார்கள். நிறுத்திய காபியை அம்மா தீபாவளிக்குத் திரும்பக் கொடுத்திருந்தார், அதைச் சொல்லி அழுதார். ராக்கம்மாள் அத்தைக்குத் தீச்சட்டி இன்னும் பாக்கி. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார். அந்த அழுகையை நான் கேலி செய்ய மாட்டேன். அதன் நடுவே அவர் சொன்னதை மட்டும் பதிவு செய்கிறேன்: “நாப்பத்தெட்டு நாளு தேய்க்கச் சொன்னேன்த்தா. நாப்பத்தஞ்சுல நிறுத்திட்டோமே.”

பதினாறாம் நாள் முடிந்து ஜெபஷீலா கட்டுரையைப் பைண்டு செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். அப்பா அதில் “பங்கேற்பாளர் 1” என்று இருந்தார். படத்தில் கோடு இரண்டு வாரம் நேராகப் போய், பிறகு படிப்படியாக இறங்கியது. நடுவில் ஒரு புள்ளி இல்லை. அடிக்குறிப்பில் புறா. கடைசிப் பக்கத்தில், இது ஒரே ஒருவரைப் பற்றியது, இதை வைத்து எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது என்று அவளே எழுதியிருந்தாள். இத்தனை அளந்தவள் இவ்வளவு குறைவாகச் சொல்கிறாள். எதையும் அளக்காதவர்கள் எவ்வளவு சொன்னார்கள்!

நான் அவளிடம் என் முடிவைச் சொன்னேன். யாரிடமும் சொல்லாதது. “அந்த வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டிருந்தா அப்பா இருந்திருப்பாரும்மா.”

அவள் கட்டுரையை மூடி மடியில் வைத்தாள்.

“அக்கா, அய்யாவுக்கு முடியாமப் போனதுக்கு அப்புறம் நீங்க வேலைக்குப் போன வெள்ளிக்கிழமை எத்தனை இருக்கும்?”

“முப்பது இருக்கும்.”

“அந்த முப்பது வெள்ளியும் நீங்க வீட்ல இல்ல. அதுல இருபத்தொம்பது வெள்ளி அய்யா நல்லாத்தானக்கா இருந்தாக?”

சரியான கேள்வி. ஒழுங்கான ஆராய்ச்சி முறை. அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் ஆலையில் எழுதிக் கொடுத்து என் வார விடுமுறையை ஞாயிற்றிலிருந்து வெள்ளிக்கு மாற்றி வாங்கிக்கொண்டேன். இதுவரை பதினொரு வெள்ளி ஆயிற்று. மத்தியானம் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். இந்தப் பதினொரு வெள்ளியிலும் அம்மாவுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

லீவு வேலை செய்கிறது.

என்ன, மெல்லத் தலையை ஆட்டுகிறீர்களா? “எதற்கு வம்பு, மாற்றிவிடாதே அம்மா, அப்படியே இருக்கட்டும்” என்று உதடு வரைக்கும் வந்துவிட்டதா? வாருங்கள், இப்படி வந்து உட்காருங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவர் இருப்பாரே, அவருக்கு எப்படிச் சரியாயிற்று?